புகுந்தால் புகுந்துவிட்டுப் போகட்டும்

"கேப் விட்டா எவனாவது நடுவுல புகுந்துடுவான் சார்."

முன்னால் போகும் வண்டியை ஏன் இப்படி ஒட்டிக்கொண்டே போகிறீர்கள் என்று யாரிடம் கேட்டாலும் இந்தப் பதில்தான் வருகிறது. பல வருடம் கால் டாக்சி ஓட்டியவரும் இதைத்தான் சொல்கிறார், நேற்று கார் வாங்கியவரும் இதைத்தான் சொல்கிறார். பதிலில் பொய் இல்லை. நம் சாலையில் ஒரு கார் நுழையும் இடம் தெரிந்தால் கார் நுழையும். பைக் நுழையும் இடம் தெரிந்தால் பைக் நுழையும். நான் கேட்க விரும்புவது அதற்கு அடுத்த கேள்வி. புகுந்தால் நமக்கு என்ன நஷ்டம்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் வண்டிக்கும் நமக்கும் இரண்டு விநாடி இடைவெளி விட்டு ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கார் புகுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்று எடுத்து, புதிதாக வந்த காருக்குப் பின்னால் அதே இடைவெளியை மறுபடி உண்டாக்கிக்கொள்கிறோம். இதில் நாம் பின்தங்குவது அதிகம் போனால் இரண்டு விநாடி. சென்னையிலிருந்து விழுப்புரம் போய்ச் சேருவதற்குள் முப்பது வண்டி இப்படிப் புகுந்தாலும் மொத்தம் ஒரு நிமிடம். மதுராந்தகம் பக்கம் டீ குடிக்க இறங்கினால் இதைவிடப் பல மடங்கு நேரம் போகும். அதை யாரும் நஷ்டமாக நினைப்பதில்லை.

ஆகவே இது நேரம் பற்றிய கவலை இல்லை. ஒருவன் நம் முன்னால் வந்துவிட்டான் என்கிற உறுத்தல். ரேஷன் கடை வரிசையில் குறுக்கே நுழைபவரைப் பார்த்தால் வரும் அதே கோபம் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வந்துவிடுகிறது. வரிசையில் குறுக்கே நுழைபவர் நம் பங்கு மண்ணெண்ணெயை வாங்கிக்கொண்டு போய்விடலாம். சாலையில் அப்படி ஒன்றும் இல்லை. விழுப்புரம் அங்கேயேதான் இருக்கும்.

எவ்வளவு இடைவெளி என்பதை மீட்டரில் சொல்வதால் ஓட்டுகிறவருக்குப் பயன் குறைவு. ஓடும் வண்டியில் உட்கார்ந்து 40 மீட்டரைக் கண்ணால் அளக்க யாராலும் முடியாது. அதனால்தான் பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல் விநாடியில் சொல்கிறது: காய்ந்த சாலையில் குறைந்தது இரண்டு விநாடி, ஈரச் சாலையில் அதற்கு இரட்டிப்பு. அளப்பதும் எளிது. முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம் ஒரு கிலோமீட்டர் கல்லையோ, பச்சைப் பலகையையோ, பாலத்தின் கைப்பிடிச் சுவர் தொடங்கும் இடத்தையோ கடக்கும்போது எண்ணத் தொடங்க வேண்டும். "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் நாம் அந்த இடத்தை எட்டிவிட்டால், ஒட்டிப் போகிறோம் என்று பொருள். வேகம் கூடினால் இந்த இடைவெளி தானாகவே மீட்டரில் நீளும், குறைந்தால் சுருங்கும். நாம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அந்த இரண்டு விநாடி எதற்கு? 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. முன் வண்டியின் சிவப்பு விளக்கைக் கண் பார்த்து, அது வெறுமனே வேகம் குறைப்பதற்கா நிற்பதற்கா என்று மனம் புரிந்துகொண்டு, கால் ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாற, நல்ல கவனத்தோடு இருப்பவருக்கே ஒரு விநாடியிலிருந்து ஒன்றரை விநாடி ஆகும். அதுவரை ஓடும் 22 மீட்டர், 33 மீட்டரில் நம் வண்டி பிரேக்கே இல்லாத வண்டிதான். எவ்வளவு விலை உயர்ந்த காராக இருந்தாலும், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருந்தாலும், கால் மிதித்த பிறகுதான் அவற்றுக்கு வேலை. மிதித்த பிறகு ஆகும் தூரம் தனி. வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். ஊருக்குள் 40-ல் ஓட்டிப் பழகிய கால், பைபாஸில் 80-ல் போகும்போதும் அதே பழைய தூரத்தில் வண்டி நின்றுவிடும் என்று நம்புகிறது.

இதைச் சொன்னால், "முன்னாடி போறவனும் பிரேக் போட்டுத்தானே நிப்பான், அவனுக்கும் தூரம் ஆகும்ல?" என்று திருப்பிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது; அதனால்தான் ஒட்டிப் போகிறவர்கள் பல காலம் தப்பித்து வருகிறார்கள். ஆனால் முன்னால் போகிறவர் எப்போதும் பிரேக் போட்டுத்தான் நிற்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சாலையோரம் விளக்கில்லாமல் நிறுத்திவைத்த லாரியில் அவர் மோதினால், மோதிய இடத்திலேயே நின்றுவிடுவார். அல்லது கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்து அவர் விலகிவிட, லாரியின் பின்பக்கம் திடீரென்று நம் கண்ணெதிரே நிற்கும். நடுத்தடுப்பில் அரளிச் செடி வரிசை முடிந்து இடைவெளி வருகிற இடங்களை நினைத்துப் பாருங்கள். ஊர்க்காரர்கள் சைக்கிளோடும் ஆடு மாடோடும் அங்கேதான் குறுக்கே கடக்கிறார்கள். முன்னால் போகிறவருக்கு அவர்கள் தெரிவார்கள். ஒட்டி வருபவருக்கு முன் வண்டியின் நம்பர் பிளேட் மட்டும்தான் தெரியும்.

எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இடைவெளி என்பது நிற்பதற்கான தூரம் மட்டும் அல்ல, பார்ப்பதற்கான தூரமும்கூட. பெரிய லாரியை முந்த நினைத்து அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போகிறவரைக் கவனியுங்கள். வலப்பக்கம் தலையை நீட்டி நீட்டிப் பார்ப்பார். எதிரில் வருவது தெரிய வேண்டுமானால் பாதி வண்டியை எதிர்த் தடத்துக்குள் நுழைத்தாக வேண்டும். நன்றாகப் பின்தங்கி வருபவருக்கு அதே லாரியின் இரு பக்கமும் சாலை தெரிகிறது. லாரி ஓட்டுநருக்கும் தன் கண்ணாடியில் இவர் தெரிகிறார். பைக்கில் போகிறவருக்கு இது இன்னும் அவசியம்: லாரியின் சக்கரங்களுக்கு நடுவே மறைந்திருக்கும் பள்ளம் அவருடைய முன் சக்கரத்துக்குக் கீழே வந்த பிறகுதான் தெரியவரும். பல லாரிகளின் பின்னால் ஏர் பிரேக் என்றும், தள்ளி வரும்படியும் எழுதியிருக்கும். அந்த எழுத்துகளை வாசிக்கும் தூரத்துக்கு வந்தபின் பலரும் இன்னும் நெருங்குகிறார்கள்.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. முன் வண்டி திடீரென வேகம் குறைத்தாலோ நின்றாலோ மோதாமலிருக்கப் போதிய இடைவெளியைப் பின்னால் வருபவர் விட வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே இருந்தது. லாரி ஒன்றுக்குப் பின்னால் 10, 15 அடியில் சென்று மோதிய கார் பற்றிய வழக்கில், அது பாதுகாப்பான இடைவெளியே அல்ல என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோவையில் நடந்த ஒரு விபத்து பற்றிய தீர்ப்பு 2025 ஜூலையில் வந்தது. நெடுஞ்சாலையில் கார் ஒன்று சமிக்ஞை இல்லாமல் திடீரென நின்றது. பின்னால் பைக்கில் வந்த இளைஞர் அதில் மோதி விழுந்தார். அவர் மேல் பஸ் ஏறியது. ஒரு காலை இழந்தார். பொறுப்பைக் காருக்கு 50, பஸ்ஸுக்கு 30, இளைஞருக்கு 20 சதவீதம் என்று நீதிமன்றம் பிரித்தது. போதிய இடைவெளி விடாததும் அந்த 20-க்கு ஒரு காரணம். அப்படித் திடீரென நின்றவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் நாளைக்கு என் முன்னால் ஒருவர் அப்படி நிற்கப்போவதை என்னால் தடுக்க முடியாது. பின்னால் எவ்வளவு தள்ளி வருவது என்பது மட்டுமே என் கையில் இருக்கிறது.

இடைவெளி விபத்தை மட்டும் அல்ல, நெரிசலையும் தடுக்கிறது. ஜப்பானில் சுகியாமா என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஒரு சோதனையின் முடிவு 2008-இல் வெளியானது. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிவரச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே வருபவர் இல்லை. சிறிது நேரம் சீராக ஓடியது. பிறகு யாரோ ஒருவர் கொஞ்சம் வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குறைக்க, அவருக்குப் பின்னால் வந்தவர் நின்றேவிட்டார். அந்த நெரிசல் ஓர் அலைபோலப் பின்னோக்கி நகர்ந்தபடியே இருந்தது. பெருங்களத்தூரில் காரணமே தெரியாமல் நின்று, காரணமே தெரியாமல் மறுபடி நகர்ந்த ஒவ்வொருவரும் இந்தச் சோதனையில் பங்கேற்றவர்கள்தான். இடைவெளி விட்டு வருபவர் முன்னவரின் சிறு தயக்கத்தைத் தன் இடைவெளிக்குள்ளேயே கரைத்துவிடுகிறார். பின்னால் வருபவருக்கு அதை அனுப்புவதில்லை. அவரை மந்தம் என்று நினைத்து ஹாரன் அடிக்கிறோம்.

நம்மை ஒருவர் ஒட்டிவந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். ஹெட்லைட்டை அடித்துக்கொண்டே பின்னால் ஓர் ஆம்னி பஸ் வருவது இரவுப் பயணத்தில் நெஞ்சை அடைக்கும் அனுபவம். பயந்து வேகத்தைக் கூட்டினால் அவரும் கூட்டுவார். பாடம் புகட்ட பிரேக்கைத் தொட்டுக் காட்டுவது உயிரோடு விளையாடுவது. வழி விட முடிந்தால் இடப்பக்கம் ஒதுங்கி விட்டுவிடலாம். முடியாதபோது, முன்னால் இருக்கும் இடைவெளியை இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் வருபவர் தன் இடைவெளியைத் தின்றுவிட்டார். அவருக்கும் சேர்த்து நாம்தான் முன்னால் விட்டாக வேண்டும். அப்போது முன்னால் எது நடந்தாலும் நாம் மெதுவாகப் பிரேக் போடலாம், அவருக்கும் நிற்க நேரம் கிடைக்கும்.

லைசென்ஸ் எடுக்கப் போனால் பைக்குக்கு எட்டுப் போடச் சொல்கிறார்கள், காரைப் பின்னோக்கி எடுக்கச் சொல்கிறார்கள். முன்னால் ஓடும் வண்டிக்குப் பின்னால் எப்படி ஓட்டுகிறார் என்பதை மைதானத்தில் பார்க்க வழியில்லை. டிரைவிங் ஸ்கூல்கள் முதல் நாளிலேயே மாணவரைக் கல்லைப் பார்த்து வாய்விட்டு எண்ணச் சொன்னால் போதும், செலவு ஏதும் இல்லை. அதுவரை பின் இருக்கையில் இருப்பவர்களும் எண்ணலாம். ஓட்டுநருக்குக் கற்றுக்கொடுக்கும் தொனியில் சொன்னால் அவர் முகம் சுருங்கும். எங்கள் வீட்டில் அம்மா சொல்வதுபோலச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. "தம்பி, எனக்குப் பயமா இருக்குப்பா, கொஞ்சம் தள்ளியே போப்பா. லேட்டானா பரவாயில்ல."