இல்லறச் சோலை: இருவராய் இறைஞ்சும் வீடு

 

என் கணவர் மறைந்து, இத்தாக் காலமும் முடிந்தபின், தனிமையில் இருக்க வேண்டாமென்று என் லாத்தா என்னை மண்டபத்திற்கு அழைத்துச் சென்றார்கள். ஏறத்தாழ மூன்று திங்கள் அங்கே தங்கியிருந்தேன். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா; இரு கடலுக்கும் நடுவே ஒரு மண் துண்டமாய் நீண்டு கிடக்கும் ஊர் அது. லாத்தா வீட்டுக்கு அடுத்த வீடு ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவ மீனவர் வீடு. இடையில் ஆளுயரச் சுவர் ஒன்றுதான்.

மஃரிபுத் தொழுகை முடித்து நான் முஸல்லாவில் அமர்ந்திருக்கும் வேளையில், சுவருக்கு அப்பாலிருந்து இரண்டு குரல்கள் எழும். ஓர் ஆண் குரல் ஒரு வாக்கியத்தைத் தொடங்கும், பாதியில் நிற்கும். மறுபாதியை ஒரு பெண் குரல் எடுத்து முடிக்கும். மீண்டும் ஆண் குரல், மீண்டும் பெண் குரல். இப்படியே அரை மணிக்குச் சற்றுக் குறைவாக நடக்கும். முதலில் அது எனக்கு வெறும் ஒலியாகத்தான் இருந்தது. நாளடைவில் அந்த இரு குரல்களும் என்னைச் சிந்திக்க வைத்தன. அந்தச் சிந்தனையைத்தான் இத்திங்கள் உங்கள் முன் வைக்கிறேன்.

பாதியும் மறுபாதியும்

கத்தோலிக்கர் வீடுகளில் மாலை வேளையில் சொல்லப்படும் இதனைச் செபமாலை என்பார்கள். ஐந்து பத்துகளும் முதலில் வரும் மூன்றும் சேர்ந்து, மரியாளை விளித்துச் சொல்லும் செபம் 53 முறை வருவதால், முதியவர்கள் இதனை ‘53 மணி செபம்’ என்றும் சொல்வதுண்டு. ஒவ்வொரு செபமும் இரு பாதிகளாக அமைந்திருக்கிறது. தனியே இருப்பவர் இரண்டு பாதியையும் தாமே சொல்லலாம். இருவர் இருந்தால் ஒருவர் தொடங்க வேண்டும். மற்றவர் முடிக்க வேண்டும். கணவன் முந்திக்கொள்ள முடியாது. மனைவி பிந்தவும் முடியாது. ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மணிகள் முடிந்தபின், அன்றைய தேவைகளைச் சொந்தச் சொற்களில் எடுத்துச் சொல்லி மன்றாடுவதும் பல வீடுகளில் வழக்கம்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் முதலிய பிற திருச்சபையினர் செபமாலை சொல்வதில்லை. அவர்கள் வீட்டில் ‘குடும்ப ஜெபம்’ என்று ஒன்றுண்டு. ஒரு பாட்டு, வேதத்திலிருந்து ஒரு பகுதி, பின்னர் ஒவ்வொருவராகத் தம் சொற்களில் வேண்டுதல் என அது அமையும்.

அவர்கள் நம்பிக்கை வேறு, நம் நம்பிக்கை வேறு. மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களை நாம் பெரிதும் கண்ணியப்படுத்துகிறோம். அவர்கள் பெயரால் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஆனால் நம் வேண்டுதல் அல்லாஹ் ஒருவனிடமே. இதில் எவ்விதக் குழப்பமும் வேண்டாம். நான் இங்கே பேச விரும்புவது கொள்கையைப் பற்றியன்று. ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து இறைவன்முன் அமரும் அந்தப் பழக்கத்தைப் பற்றி.

இக்கரையில் வேரூன்றிய வழக்கம்

இவ்வழக்கம் நம் கடற்கரைக்கு நேற்று வந்ததன்று. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களின் பிற்பகுதியில் கிறிஸ்தவம் தழுவினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். மண்டபத்தை அடுத்துள்ள வேதாளையில்தான் அந்தோனி கிரிமினாலி என்ற இத்தாலியத் துறவி 1549இல் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் அப்பணிக்குத் தலைமையேற்ற அண்டிரிக் அடிகளார், தமிழைக் கற்று, ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூலை 1578இல் கொல்லத்தில் அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அதுவே. கோயில் பூசை இலத்தீன் மொழியில் நடந்த காலத்திலும், வீட்டுச் செபம் மக்களின் தமிழிலேயே நடந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னரே பூசையும் தமிழுக்கு வந்தது. வீடு முந்திக்கொண்டது, கோயில் பின்னால் வந்தது என்று சொன்னால் தவறாகாது.

அச்சங்கமே குடும்பத்தை ‘வீட்டுத் திருச்சபை’ என்று குறித்தது. அவர்களது கொள்கைப்படி திருமணத்தை நிறைவேற்றுபவர் குருவானவர் அல்லர். மணமக்களே ஒருவருக்கொருவர் அதனை வழங்கிக்கொள்கின்றனர். குருவானவர் திருச்சபையின் சார்பில் நிற்கும் சாட்சி. அந்த இருவர் சேர்ந்து செபிப்பதை அவர்கள் பெரிதாக மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர்களுடைய வேதநூல்களுள் தோபித்து என்றொரு ஆகமம் உண்டு. கத்தோலிக்கர் அதனை ஏற்கின்றனர். சீர்திருத்தத் திருச்சபையினர் தம் வேதத்தில் சேர்ப்பதில்லை. அதிலே சாராள் என்னும் பெண்ணை மணந்த ஏழு கணவர்களும் முதலிரவிலேயே மாண்டு போகின்றனர். எட்டாவதாகத் தோபியா அவளை மணக்கிறான். அந்த அச்சம் நிறைந்த இரவில், இருவரும் முதலில் எழுந்து நின்று இறைவனிடம் மன்றாடுகின்றனர். விடியும்போது மாப்பிள்ளை உயிரோடிருக்கிறான்.

நம் மார்க்கத்திலும், திருமண இரவில் கணவன் மனைவியைப் பின்னே நிறுத்தி இரண்டு ரக்அத் தொழும் வழிமுறை நபித்தோழர் சிலரிடமிருந்து அறிவிக்கப்பட்டிருப்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

கடிகாரம் செய்தவரும் சரிகை பின்னியவரும்

தங்கச்சிமடத்திற்குச் சென்றவர்கள் அங்குள்ள குழந்தை தெரசாள் ஆலயத்தைப் பார்த்திருப்பார்கள். அந்தத் தெரசாளின் பெற்றோர் கதையைப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் நான் அறிந்தேன். பிறகு படித்தும் தெரிந்துகொண்டேன். பிரான்சு நாட்டு அலென்சோன் நகரில் கடிகாரத் தொழில் செய்தவர் லூயி மார்ட்டின். சரிகை பின்னும் தொழில் நடத்தியவர் அவர் மனைவி செலி. 1858இல் மணம் செய்துகொண்டனர். அதிகாலை ஐந்தரை மணிப் பூசைக்கு இருவரும் சேர்ந்தே செல்வர். மாலையில் வீட்டார் அனைவரும் கூடிச் செபிப்பர்.

அதனால் அவர்கள் வீட்டில் துன்பமே வரவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்பது பிள்ளைகளில் நால்வரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்தனர். 1877இல் செலி மார்பகப் புற்றுநோயால் இறந்தபோது கடைக்குட்டி தெரசாளுக்கு வயது நான்கு. செலி எழுதிய கடிதங்கள் இருநூற்றுக்கும் மேல் கிடைத்துள்ளன. 2015 அக்டோபர் 18ஆம் நாள், அன்றைய போப்பாண்டவர் பிரான்சிஸ் அவ்விருவரையும் சேர்த்துப் புனிதர்களாக அறிவித்தார். கணவன் மனைவி இருவரும் ஒருசேர அவ்வாறு அறிவிக்கப்பட்டது அதுவே முதல் முறை. ஆக, சேர்ந்து செபிப்பது துன்பத்தைத் தடுக்கும் மதிலன்று. துன்பம் வந்தபோது ஒருவரையொருவர் தேடி இருட்டில் தடவ வேண்டியிராத ஒரு பழக்கம், அவ்வளவே.

கடலுக்குப் போன நாளில்

இப்பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் குறித்த நாள்களில் மட்டுமே கடலுக்குச் செல்லும். ஒரு நாள் காலை புறப்பட்டால் மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். அந்த இரவுகளில் சுவருக்கு அப்பால் ஒற்றைக் குரல்தான் கேட்கும். ஒரு நாள் கிணற்றடியில் அப்பெண்ணைக் கேட்டேன்:

“என்னம்மா, அவர் இல்லாத நாளில் இரண்டு பாதியையும் நீயே சொல்கிறாயே?”

“அவுக கடல்ல சொல்லுவாகம்மா. எந்த நேரத்துக்கு நான் இங்க உக்காருறேன்னு அவுகளுக்குத் தெரியும். நான் இங்க விட்டுட்டா, அங்க அவுகளுக்கு மனசு நிக்காது” என்றாள்.

இந்தக் கரையில் அந்தச் சொல்லின் எடை பெரிது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயலை இங்குள்ள முதியோர் மறக்கவில்லை. 2011இல் இலங்கையில் சிறைப்பட்ட தங்கச்சிமடம் மீனவர் ஐவருக்கு 2014 அக்டோபரில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, அடுத்த மாதமே மன்னிப்புக் கிடைத்து அவர்கள் ஊர் திரும்பியதையும் எவரும் மறக்கவில்லை. படகு புறப்பட்ட இரவில் மனைவி உறங்குவது எளிதன்று.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கணவர் நாள்தோறும் வீட்டிலிருப்பார். இரு குரலும் நாள்தோறும் கேட்கும். ஆனால் கையில் காசு இராது. அந்நாள்களில் ஒன்றில் மஃரிபு முடிந்து வெகுநேரமாகியும் எந்தக் குரலும் எழவில்லை. பகலில் வலைக்கு வாங்கிய கடன் பற்றிச் சச்சரவு நடந்ததாக லாத்தா சொன்னார்கள். அவர் குடித்துவிட்டு வந்திருந்தார். மூன்று நாள்கள் அவ்வாறே கழிந்தன. நான்காம் நாள் குரல்கள் எழுந்தன. முதல் குரல் சற்றுத் தழுதழுத்தது.

“கோவத்த வச்சுக்கிட்டு உக்காந்தா வாய் வராதும்மா. அவுகளா வந்து, தப்புத்தான்னு சொன்னாக. அதுக்கப்புறந்தான் உக்காந்தோம்” என்றாள் அவள்.

காணிக்கை செலுத்த வந்தவன், தன்மீது வருத்தங்கொண்ட சகோதரனை நினைத்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாக வேண்டும் என்பது அவர்களுக்கு ஈசா அலைஹிஸ்ஸலாம் பெயரால் வந்துள்ள போதனை. மனைவியை மதிப்பின்றி நடத்தும் கணவனின் செபம் தடைபடும் என்ற கருத்தும் அவர்கள் வேதத்தில், பேதுருவின் நிருபத்தில் இருக்கிறது. சேர்ந்து அமர வேண்டும் என்ற கட்டாயமே அவர்களைப் பேசிச் சமாதானமாகும்படி தள்ளியது.

எச்சரிக்கை ஒன்று

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். “இறைவா, இவருக்கு நல்ல புத்தியைக் கொடு” என்று கணவன் காதுபட வேண்டுவது வேண்டுதலன்று. இறைவன் பெயரால் எறியும் கல். அவ்வாறே, அடிக்கும் கணவனிடம் அல்லற்படும் பெண்ணுக்கு, “இருவரும் சேர்ந்து வணங்குங்கள், எல்லாம் சரியாகும்” என்று உபதேசம் செய்து அனுப்பிவிடுவதும் கொடுமை. அவளுக்கு முதலில் தேவை பாதுகாப்பு, பின்னரே மற்றவை. பக்தி எந்தக் கொடுமைக்கும் திரையாகக்கூடாது. இஃது எல்லா மார்க்கத்தாருக்கும் பொதுவான உண்மை.

நம் வீடுகளில்

நம்மிடம் இவ்வழக்கம் இல்லையா? இருக்கிறது, நாம்தான் மறந்திருக்கிறோம். இரவில் எழுந்து தொழுது மனைவியையும் எழுப்பும் கணவனுக்கும், எழுந்து தொழுது கணவனை எழுப்பும் மனைவிக்கும் அண்ணல் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அருள்வேண்டி துஆச் செய்துள்ளார்கள். இந்த ஹதீஸில் எழுப்பும் பொறுப்பு இருவருக்கும் சமமாகவே வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்களை நபியவர்கள் வித்ருத் தொழுகைக்காக எழுப்புவார்கள் என்பதும் புகாரியில் பதிவாகியுள்ளது. வீடுகளைத் தொழுகையற்ற கப்றுகளாக ஆக்கிவிட வேண்டாம் என்றும் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

ஆனால் நம் நடைமுறை என்ன? கணவர் ஜமாஅத்துக்குப் பள்ளிவாசல் செல்வார். அது அவருக்குச் சிறப்பு. மனைவி அடுப்படி வேலைக்கு நடுவே உள்ளறையில் தனியே தொழுது எழுவாள். ஒரே இறைவனை, ஒரே நேரத்தில், ஒரே திசை நோக்கி வணங்கும் இருவர், ஆண்டுக்கணக்கில் ஒருவர் துஆவை மற்றவர் கேளாமலே வாழ்ந்து முடித்துவிடுகின்றனர்.

இதனைப் பிறருக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஏனெனில் நானே அப்படித்தான் வாழ்ந்தேன். என் இல்லறம் முப்பத்தோராண்டு. அதில் பதினான்கு ஆண்டு அவர்கள் சவூதியில். ஊரிலிருந்த காலத்திலும் தொழுகை அவர்களுக்குப் பள்ளியில், எனக்கு வீட்டில். நோயுற்று, பள்ளிவாசலுக்குச் செல்ல இயலாமற்போன கடைசி ஏழு வாரங்களில்தான், “நீ பின்னால் நில், நான் தொழ வைக்கிறேன்” என்றார்கள். நாற்காலியில் அமர்ந்தபடி தொழ வைத்தார்கள். அவர்கள் ஓதும் குரலை நான் அப்போதுதான் முழுமையாகக் கேட்டேன்.

ஒரு நாள் இஷாவுக்குப்பின் கையேந்தி வாய்விட்டு துஆக் கேட்டார்கள். பல்லாண்டுகளுக்கு முன் அவர்கள் தங்கையின் நிக்காஹ்வுக்காக நான் என் வளையல்களைக் கழற்றிக் கொடுத்திருந்தேன். அதைப்பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொன்னதில்லை. மறந்தே விட்டார்கள் என்று நானும் மனத்துள் ஒரு முள்ளை வைத்திருந்தேன். அன்று, “யா அல்லாஹ், அந்த வளையல்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, நீ இவளுக்கு அதைவிட மேலானதைக் கொடு” என்றார்கள். நான் ஆமீன் சொல்லவும் நாவெழாமல் நின்றேன்.

என்னிடம் சொல்ல முடியாததை அவர்களால் இறைவனிடம் சொல்ல முடிந்தது. அருகில் இருந்ததால் என் காதிலும் விழுந்தது. “அவுக மனசுல என்ன இருக்குன்னு செபத்துலதான் எனக்குத் தெரியும்” என்று மண்டபத்துப் பெண்ணும் பின்னொரு நாள் சொன்னபோது, எனக்கு அதன் பொருள் விளங்க விளக்கம் தேவைப்படவில்லை. அவள் அதை இளமையிலேயே அறிந்துகொண்டாள். நான் ஏழு வாரம் இருக்கையில் அறிந்தேன்.

சகோதரர்களே! பர்ளுத் தொழுகையைப் பள்ளிவாசலில் நிறைவேற்றுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு ரக்அத் சுன்னத்தையேனும், நள்ளிரவின் ஒரு சிறு தொழுகையையேனும், மனைவியோடு சேர்ந்து தொழுங்கள். பின்னர் ஐந்து நிமிடம் வாய்விட்டு துஆக் கேளுங்கள்; அவள் ஆமீன் சொல்லட்டும். மறுநாள் அவள் கேட்கட்டும்; நீங்கள் ஆமீன் சொல்லுங்கள். சகோதரிகளே! அவர் அழைக்கட்டும் என்று காத்திராதீர்கள். எழுப்பும் உரிமை உங்களுக்கும் உண்டு.

நாற்காலி தேவைப்படும் நாள்வரை தள்ளிப் போடாதீர்கள். இன்றிரவே தொடங்குங்கள். வல்ல அல்லாஹ் நம் துணைவரையும் மக்களையும் நமக்குக் கண்குளிர்ச்சியாக்கி அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.