உஹதை நேசித்த நபியின் உம்மத் பாலாற்றை மறந்ததேன்?

உஹது மலை நம்மை நேசிக்கிறது, நாமும் அதனை நேசிக்கிறோம் என்று நபி (ஸல்) அவர்கள் மொழிந்தது புகாரியில் பதிவாகியுள்ளது. தாம் சாய்ந்து நின்று உரையாற்றிய பேரீச்ச மரத்தண்டு, மிம்பர் அமைந்தபின் பிரிவு தாளாமல் அழுதபோது, அருகே சென்று அதனைத் தடவிக் கொடுத்தார்கள். கல்லும் மரமும் நேசத்திற்குரியவை எனக் கற்பித்த மார்க்கம் நம்முடையது.

இவற்றை ஜும்ஆ பயானில் கேட்டு உருகும் நாம், வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பாலாறு கெட்டதைக் கண்டு ஏன் உருகவில்லை? தோல் ஆலைகளின் உப்பும் குரோமியமும் கலந்த கழிவு ஆற்றையும் கிணறுகளையும் பாழாக்கியது. தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ தகுதியிழந்ததை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆயினும், 2025 ஜனவரியில் இதே பாலாற்றுக்காக அந்நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

"தோல் தொழில் நம் சமுதாயத்தின் வாழ்வாதாரம், அதை நாமே குறை கூறலாமா?" என்பர் சிலர். தொழிலை மூடச் சொல்லவில்லை. கழிவைச் சுத்திகரிக்கவே சொல்கிறோம். "ஆலை உரிமையாளர் அனைவரும் முஸ்லிம்கள் அல்லரே" என்பர் வேறு சிலர். உண்மைதான். ஆனால் மறுமையில் பிறர் செயலுக்கன்று, நம் செயலுக்கே நாம் பதில் கூற வேண்டும்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபியவர்கள் தடுத்தார்கள். அவ்வாறிருக்க, ஊரார் குடிக்கும் நிலத்தடி நீரில் நஞ்சைக் கலப்பது எங்ஙனம் ஆகுமானதாகும்? சுத்திகரிப்புச் செலவை மிச்சப்படுத்திச் சேர்த்த பணத்தில் பள்ளிவாசலுக்குப் பளிங்குத்தரை பதிப்பது தர்மமாகாது. அது கிணறு உவர்த்துப்போன உழவனின் ஹக். பாதிக்கப்பட்டவருக்கு உரியதைத் திருப்பிக் கொடுக்காமல், அவர் மன்னிக்காமல், தவ்பாவும் நிறைவு பெறாது.

எனவே ஜமாஅத்துகள் நன்கொடையை ஏற்குமுன், ஆலையின் கழிவு எங்கே செல்கிறது என்று கேட்கட்டும். கத்தீப்கள் உளூவின் ஒழுக்கங்களோடு ஆற்றின் உரிமையையும் எடுத்துரைக்கட்டும். மனிதக் கரங்கள் தேடிக்கொண்டவற்றால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டதாக அர்ரூம் அத்தியாயம் எச்சரிக்கிறது. அக்கரங்களில் நம்முடையவையும் உண்டென ஒப்புக்கொள்வதே மீட்சியின் முதற்படி.