விமானி ஆக ஆசையா? தோட்டத்தை அடமானம் வைக்கும் முன் இதைப் படிங்க!

கோத்தகிரி பகுதியைச் சேர்ந்த ஜெயஸ்ரீ, படுகர் சமூகத்தின் முதல் பெண் விமானி என்று செய்திகளில் வந்தபோது நீலகிரியே கொண்டாடியது. ஐ.டி. வேலையில் இருந்தவர், தென்னாப்பிரிக்காவில் பயிற்சி பெற்று உரிமம் வாங்கினார். மஞ்சூர் போன்ற மலை ஊர்களில் பிளஸ் 2 முடிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால் செலவு?

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற சுமார் 50 லட்சம் ரூபாய் ஆகும். பசுந்தேயிலை கிலோ 20 ரூபாய் என்று வைத்தாலும், அது 250 டன் இலையின் விலை. சிறு விவசாயிக்கு இது விளையாட்டல்ல. அதனால் எதை முதலில் செய்வது என்பதுதான் முக்கியம்.

முதலில் மருத்துவப் பரிசோதனை. டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்றும், பிறகு முதல் வகுப்புச் சான்றும் வாங்க வேண்டும். கண்ணாடி போட்டிருந்தாலே வாய்ப்பு போச்சு என்பது தவறு. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் சிக்கல் வரலாம். கட்டணம் கட்டிய பிறகு இது தெரிந்தால் பணம் போனது போனதுதான்.

அடுத்து படிப்பு. பிளஸ் 2-வில் இயற்பியல், கணிதம் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்தப் பாடங்களை மட்டும் எழுதலாம். வானிலை, வழிகாட்டல், விமான விதிமுறைகள் போன்ற டிஜிசிஏ தேர்வுகளும் உண்டு. இவற்றை முடித்துவிட்டுப் பறக்கப் போனால் காத்திருப்பு குறையும்.

மூன்றாவது, பள்ளி. உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எத்தனை விமானங்கள் ஓடுகின்றன, முந்தைய மாணவர்கள் எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்று கேளுங்க. முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீங்க.

உரிமம் கிடைத்த உடனே வேலையும் கிடைத்துவிடாது. ஏர்பஸ், போயிங் ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்கும் லட்சங்கள் ஆகும். பயிற்றுநர், சரக்கு விமானம், தனியார் வாடகை விமானம் என வேறு வழிகளும் உண்டு. இயற்பியல், கணிதத்துடன் பி.எஸ்சி. அல்லது பொறியியல் படித்தவர்கள், இந்திய விமான நிலைய ஆணையத்தின் தேர்வு எழுதி வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆகலாம். அதற்குத் தோட்டத்தை அடமானம் வைக்க வேண்டியதில்லை.

வானம் எல்லோருக்கும் பொதுதான். கடனை அடைக்கப்போவது மட்டும் அந்த ஒரு குடும்பம். எனவே கையெழுத்துக்கு முன் மருத்துவச் சான்று கையில் இருக்கட்டும்.