எலிகள் சொன்னதும் கட்டுரையாளர் சொல்வதும்

பல் சொத்தையாவதற்குக் காரணம் சர்க்கரையோ கிருமியோ அல்ல, உடலில் வளர்ச்சிக் காரணிகள் என்னும், செல்களை வளரத் தூண்டும் புரதங்கள் குறைவதே என்று வாதிடும் கட்டுரையைப் படித்தேன். சாட்சிக்கு ஆய்வக எலிகளை அழைக்கிறார் கட்டுரையாளர். அந்த எலிகளின் சாட்சியம் முழுக்க அவருக்கு எதிரானது.

முதலில் ஆய்வாளர் ஸ்டான்லி கோஹன். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து அவர் பிரித்தெடுத்த ஒரு வளர்ச்சிக் காரணிப் புரதத்தைச் செலுத்தியதும், பிறந்த குட்டிகளுக்குக் கண் சீக்கிரம் திறந்தது, முன்பல் சீக்கிரம் முளைத்தது. 1962இல் வெளியான இந்த ஆய்வு 1986இல் நோபல் பரிசுவரை சென்றது. ஆனால் பல் சீக்கிரம் முளைப்பது வேறு, சொத்தையாகாமல் இருப்பது வேறு. கோஹன் கண்டது முதலாவதை.

வளர்ச்சிக் காரணி உயிருள்ள செல்லிடம் மட்டுமே வேலை செய்யும். எனாமலைக் கட்டும் செல்களோ பல் ஈறைவிட்டு வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. பிறகு அந்தக் காரணி யாருக்குக் கட்டளையிடும்? எலியின் முன்பல் ஆயுள் முழுதும் வளரும். நம் பல் வளராது. பல்லின் உள்ளே இருக்கும் கூழில் உயிர்ச்செல்கள் உண்டு, அங்கே பழுதுபார்க்க ஆய்வாளர்கள் வழி தேடுகிறார்கள். அது சிகிச்சை, தடுப்பு அல்ல.

கட்டுரையாளர் சொல்வதுபோல, உமிழ்நீர்ச் சுரப்பியை அகற்றிய எலிகளுக்குச் சொத்தை பெருகியது உண்மைதான். உமிழ்நீரோடு அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும், எனாமலைச் சீராக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் போய்விட்டனவே! அத்தனை இழப்பையும் ஒரே புரதத்தின் கணக்கில் எழுதுவது வாசகரை ஏமாற்றும் வேலை.

அவர் வாய் திறக்காத சோதனைகள்தாம் முக்கியமானவை. 1954இல் ஆர்லண்ட் குழுவினர் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குச் சர்க்கரை மிகுந்த தீனி கொடுத்தார்கள். சொத்தை வரவில்லை. பிறகு கிருமியைப் புகுத்திய எலிகளுக்கு வந்தது. 1960இல் கீஸ், சொத்தை இல்லாத வெள்ளெலிகளைச் சொத்தையுள்ளவற்றோடு ஒரே கூண்டில் விட்டார், அவற்றுக்கும் தொற்றியது. கிருமியும் சர்க்கரையும் சேர்ந்தால் சொத்தை என்று விலங்குகள் அன்றே காட்டிவிட்டன.

ஃபுளோரைடு பற்பசை தேவையில்லை என்று பெற்றோருக்கு அவர் சொல்லும் அறிவுரையை எப்படி மன்னிப்பது? அதைக் கேட்டு நடந்தால் வலியில் துடிக்கப்போவது குழந்தைகள். அந்த அறிவுரையை அவர் பகிரங்கமாகத் திரும்பப் பெறவேண்டும். பெற்றோரே, இனிப்பைக் குறையுங்கள். ஃபுளோரைடு பற்பசையால் தினம் இருவேளை பல் துலக்க வையுங்கள்.