திரையில் மெரூன், கையில் மண்ணிறம்

மருதமுனைத் தறியில் நெய்த சேலையை வெளியூரில் இருப்பவர் இன்று முதலில் காண்பது திரையில்தான். "படத்தில் மெரூன், கையில் மண்ணிறம்" என்று அது திரும்பி வந்தால் நட்டம் விற்றவர் தலையில். சாயம் தோய்த்தவரைக் குறை சொல்கிறோம், இல்லாவிட்டால் கமராவை. படத்தைத் திருத்திய கணனித் திரையை யாரும் சந்தேகிப்பதில்லை. முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான் என்பேன்.

திரை எல்லா நிறங்களையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்தே காட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டு திரைகள் அதை ஒரே மாதிரிக் காட்டுவதில்லை. அதனால்தான் 1996இல் எச்.பி., மைக்ரோசொப்ட் நிறுவனங்கள் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற பொது அளவை முன்வைத்தன. அதில் வெள்ளை என்பது பகல் வெளிச்சத்தை ஒத்த, ஏறக்குறைய 6500 கெல்வின் வெள்ளை. கடையிலிருந்து வரும் பல திரைகளோ நீலம் தூக்கலாக, கண் கூசும் பிரகாசத்தோடு வருகின்றன. அதன் முன் அமர்ந்து படத்தைத் திருத்துகிறவர், நீலத்தை ஈடுகட்ட அறியாமலே சிவப்பையும் மஞ்சளையும் கூட்டிவிடுகிறார். மண்ணிறச் சேலை மெரூனாவது இப்படித்தான்.

சரிசெய்வது மந்திரமல்ல. திரையை அரைமணி நேரம் எரியவிட்டு, ஜன்னல் வெளிச்சம் அதில் விழாதபடி திருப்பி, இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை நிறுத்திவிட்டு, விண்டோஸிலேயே உள்ள நிறச் சீரமைப்பைப் படிப்படியாகச் செய்யலாம். ஆனால் கண் பொல்லாதது. நீலம் கலந்த வெள்ளையையும் கொஞ்ச நேரத்தில் வெள்ளையென்று ஏற்றுக்கொள்ளும். திரைமேல் வைத்து ஒளியை அளக்கும் கருவிதான் நம்பத்தக்கது. வீட்டுக்கொன்று வாங்கச் சொல்லவில்லை. நெசவாளர் பலர் சேர்ந்து ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை கைமாற்றினால் போதும். நமது கல்லூரிக் கணனிக் கூடத்திலும் ஒன்று இருக்கட்டும். படம் திருத்துவது பெரும்பாலும் அந்த வீடுகளின் பெண்பிள்ளைகள்தானே!

"வாங்குபவரின் போன் திரை தவறாக இருந்தால்?" என்பது நியாயமான கேள்வி. அதை நாம் திருத்த முடியாது. அவர் பக்கப் பிழையோடு நம் பக்கப் பிழையும் சேராமல் தடுக்கலாம். திரும்பி வரும் சேலைகளில் சில அதனாலேயே குறையும்.

மயில்கழுத்து நிறம் மட்டும் எளிதில் அடங்காது. அந்த ஆழ்ந்த நீலப்பச்சையின் சில சாயல்கள் எஸ்.ஆர்.ஜி.பி. எல்லைக்கு வெளியே நிற்பவை. அவற்றைக் கேட்பவருக்கு ஒரு முழ நூலைக் கடித உறையில் வைத்து அனுப்பிவிடுவதே நல்லது.