இரண்டாவது மனிதனைக் கொன்றது எது?

கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கிறார்கள். ஒருவன் இறங்குகிறான். மேலே நிற்பவன் குரல் கொடுக்கிறான், பதில் இல்லை. எட்டிப் பார்க்கிறான், உள்ளே விழுந்து கிடக்கிறான் உடன் உழைப்பவன். ‘அண்ணே!’ என்று அலறியபடி இறங்குகிறான் இரண்டாமவன், காப்பாற்ற! அவனும் மேலே வரவில்லை. மூன்றாமவன் ஓடி வருகிறான், இறங்குகிறான், அவனும் சாய்கிறான். மறுநாள் ஏட்டிலே நான்கு வரிச் செய்தி. ஊரிலே ஒரே வரித் தீர்ப்பு: ‘விதி முடிந்தது, போய்விட்டார்கள்!’

விதியாம்! முதலாமவனைக் கொன்றது குழி என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது மனிதனைக் கொன்றது எது? அவனிடம் அன்பு இருந்தது, துணிவு இருந்தது, தோழமை இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் குழிக்குள் இருப்பது என்ன என்ற அறிவு! அந்த அறிவை அவனுக்குத் தரவேண்டியவர்கள் தரவில்லை. தராதவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். பெறாதவன் சுடுகாட்டில் இருக்கிறான். நடுவிலே நிற்கிறது பாவம், விதி. செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு!

தேங்கிய கழிவிலே பிறக்கிறது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, ஆகவே குழியின் அடியிலே தங்கி நிற்கும். சிறிதளவு இருந்தால் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் நாற்றமே தெரியாது! நச்சு நீங்கிவிட்டதால் அல்ல. நுகரும் புலன் செயலிழந்துவிட்டதால்! ‘வாடை போய்விட்டது, இறங்கலாம்’ என்று எண்ணுகிற கணமே உயிர் போகும் கணமாகவும் ஆகலாம். நாம் மூச்சுவிடும் காற்றிலே ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன். மூடிய தொட்டிக்குள் அது மனிதனைத் தாங்காத அளவுக்குக் குறைந்துபோகக் கூடும். கருவியால் அளக்காமல், காற்றூட்டாமல், தனி மூச்சுக்கருவி இல்லாமல், இடுப்புக் கயிறும் மேலே இழுக்க ஆளும் இல்லாமல் எவரும் இறங்கலாகாது. விழுந்தவனைத் தூக்கவும் கூட அப்படி இறங்கலாகாது! இதைச் சொல்லித்தர ஓர் ஆண்டு வேண்டுமா? ஒரு முற்பகல் போதாதா?

உரிய பாதுகாப்பின்றி மனிதனைக் குழியில் இறக்குவதைத் தடை செய்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். இறந்தவர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்றது 2014-இல் உச்சநீதிமன்றம். 2023-இல் அந்தத் தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தீர்ப்பை மதிக்கிறோம். ஆனால் கேட்கிறோம்: செத்தபின் தரும் விலை ஏறுகிறதே, சாகாமல் காக்கும் கல்விக்கு யார் விலை வைத்தார்கள்?

குழியோடு முடிகிற கதையா இது? சிவகாசிப் பக்கம் திரும்புங்கள், தோழர்களே! 2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டியிலே பட்டாசு ஆலையொன்று தீப்பற்றியது. 38-க்குக் குறையாத உயிர்கள் கருகின. அவர்களிலே பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர்! புகை கண்டு ஓடிவந்தவர்கள், உதவ வந்தவர்கள். எரிவது வைக்கோற்போர் அல்ல, வெடிமருந்துக் கிடங்கு. அணுகாதே, அகன்று நில் என்று அந்த மக்களுக்கு யார், எப்போது பழக்கினார்கள்? அங்கேயும் செத்தவன் அந்த இரண்டாவது மனிதன்தான்!

அலுமினியப் பொடியிலே ஈரம் பட்டால் சூடேறும். மருந்து உராய்ந்தால் தீப்பிறக்கும். உடலிலே சேரும் நிலைமின்சாரம் ஒரு பொறியாகத் தெறித்தாலே போதும். ஆகவேதான் பருத்தி ஆடை, ஆகவேதான் இரும்பைத் தவிர்த்த கருவி, ஆகவேதான் ஓர் அறைக்கு நான்கு பேர். ஆகவேதான் கலந்த மருந்தை மறுநாளைக்கு மீத்துவைக்கக் கூடாதென்ற கட்டுப்பாடு. ஒவ்வொரு விதிக்கும் பின்னே ஒரு காரணம் உண்டு. காரணத்தைச் சொல்லாமல் கட்டளையை மட்டும் சுவரிலே எழுதிவைத்தால், அவசரம் வந்ததும் கட்டளை பறந்துவிடும். காரணம் அறிந்தவனோ மேற்பார்வையாளர் இல்லாத நேரத்திலும் காத்துக்கொள்வான். மனப்பாடத்துக்கும் பகுத்தறிவுக்கும் உள்ள வேறுபாடு இதுவன்றோ!

சட்டம் இல்லையா? இருந்தது! 1984 டிசம்பரில் போபால் நகரை நச்சுவாயு கவ்வியது. வாயு எது, அதற்கு மருத்துவம் எது என்று அறியாமல் மக்கள் மாண்டார்கள், மருத்துவர்கள் திகைத்தார்கள். அதன் பிறகே, 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தைப் பற்றிய செய்தியைப் பெறுவதும், பாதுகாப்புப் பயிற்சி பெறுவதும் தொழிலாளியின் உரிமை என்று 111ஏ பிரிவு எழுதிற்று. உரிமை, தோழர்களே, சலுகையல்ல! அந்தச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றாக்கி 2020-இல் புதிய தொகுப்பை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஏடுகள் மாறின, ஏழையின் நிலை மாறிற்றா என்பதே நம் வினா.

பயிற்சி நடப்பதில்லையா என்றால், ‘நடக்கிறது’ என்று பதிவேட்டைக் காட்டுவார்கள். எப்படி நடக்கிறது? மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள். வரிசையாக நிற்கவைத்து உறுதிமொழி, மார்பிலே பட்டை, ஒரு நிழற்படம், ஒரு கையொப்பம். ஆங்கிலத்திலே அரைமணிப் பேருரை. கேட்பவனோ தமிழன்றி வேறறியாதவன், அல்லது பீகாரிலிருந்து பிழைக்க வந்தவன். முடிந்ததும் சான்றிதழ்! பொருள் புரியாத மந்திரத்தைக் கேட்டுவிட்டுப் பலன் கிடைத்துவிட்டதென்று நம்புவது மூடத்தனம் என்றால், பொருள் புரியாத பயிற்சிக்குக் கையொப்பம் வாங்கிப் பாதுகாப்பு வந்துவிட்டதென்பது மட்டும் அறிவியலா? இது சடங்கு, தோழர்களே, சடங்கு! புரோகிதர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

‘செலவாகிறதே’ என்பார் முதலாளி. எந்திரத்திற்கு எண்ணெய் போடும்போது இந்தக் கணக்கு வருவதில்லை. மனிதனுக்கு அறிவூட்டும்போது மட்டும் வருகிறது. ‘படிக்காதவர்கள், சொன்னாலும் புரியாது’ என்பார் இன்னொருவர். பக்குவமாக மருந்து கலக்கத் தெரிந்த கைக்கு, பத்திரமாகக் கலக்கப் புரியாதா? ‘அவர்களுடைய கவனக்குறைவே காரணம்’ என்பது மூன்றாவது குரல். இதுதான் நயவஞ்சகத்தின் உச்சம்! முன்பு பழியை விதியின் தலையிலே போட்டார்கள். இப்போது செத்தவன் தலையிலேயே போடுகிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பயிற்சி என்பது காப்புக்கு மாற்று ஆகாது. சுழலும் சக்கரத்துக்குக் கூண்டு போடாமல், ‘கையை நீட்டாதே’ என்று வகுப்பெடுப்பது கயமை. முதலில் ஆபத்தை அகற்று. அகற்ற இயலாததை அடைத்து வை. குழிக்கு மனிதனை அனுப்பாதே, எந்திரத்தை அனுப்பு. அதன் பிறகும் எஞ்சும் ஆபத்துக்கே கவசமும் கல்வியும். இந்த வரிசையை முதலாளியும் மேற்பார்வையாளரும் கற்கவேண்டும். பயிற்சி வகுப்பின் முதல் மாணவர்கள் அவர்களே!

வேலைக்கு வந்த முதல் நாளே, எந்திரத்தைத் தொடுமுன்னே பயிற்சி வேண்டும். தொழிலாளியின் தாய்மொழியிலே வேண்டும். வேலை நேரத்திலே, கூலி பிடிக்காமல் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும், ஒரு நாள் கூலிக்கு வந்த பெண்ணுக்கும் வேண்டும். பேச்சாக மட்டுமன்றிச் செய்துகாட்டி, செய்யவைத்துப் பார்த்து வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இது ஆபத்து, செய்யமாட்டேன்’ என்று சொல்லும் உரிமையும், சொன்னவன் வேலை பறிபோகாதென்ற உறுதியும் வேண்டும். அந்த உரிமை இல்லாத பயிற்சி, நீந்தக் கற்பித்துவிட்டுக் கையைக் கட்டிக் கடலிலே தள்ளுவதற்கு ஒப்பாகும்.

இளைஞர்களே! படிப்பகத்திலே பகுத்தறிவு பேசுகிறோம். அதைப் பட்டறை வாயிலுக்கும் கொண்டுசெல்வோம். உங்கள் ஊர் ஆலையிலே, கட்டடத்திலே, கிடங்கிலே வேலை முடிந்து வருபவரை நிறுத்திக் கேளுங்கள்: நீங்கள் கையாளும் பொருள் என்னவென்று சொன்னார்களா? தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடவேண்டும் என்று காட்டினார்களா? உடன் உழைப்பவர் விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று பழக்கினார்களா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்று விடை வந்தால், உங்கள் வேலை அங்கே தொடங்குகிறது. சங்கத்திடம் சொல்லுங்கள், ஆய்வாளருக்கு எழுதுங்கள், விடை வரும்வரை விடாதீர்கள்.

தோழனைக் காப்பாற்ற இறங்கியவன் தோழனோடு பிணமானான் என்ற செய்தி இனியும் நம் ஏடுகளில் வரலாமா? அவனுடைய அன்பு குறையவேண்டியதில்லை. அவனுக்கு அறிவு சேரவேண்டும். அதைச் சேர்க்காதவர்களை, ‘விதி’ என்ற திரைக்குப் பின்னே இனி ஒளியவிட மாட்டோம்!