அண்ணல் அம்பேத்கர் இன்று விண்ணப்பித்தால் கிடைக்குமா?

தோழர்களே, வெளிநாட்டுப் படிப்புன்னாலே அது பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம்னு நம்ம ஆட்கள் பலர் ஒதுங்கிடறாங்க. ஆனால் ஒன்றிய அரசின் சமூக நீதி அமைச்சகம் நடத்தும் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55லிருந்தே இருக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கலாம். நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடம். ஆமாம், மொத்தமே 125தான்.

இந்த 125லும் ஒரு பூட்டு போட்டிருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு நெறிமுறையில், இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு இதுக்கெல்லாம் உதவித்தொகை கிடையாதுன்னு எழுதிட்டாங்க. அதையெல்லாம் இங்கேயே படிக்கலாமே என்பது சொல்லப்பட்ட காரணம்.

சரி, ஒரு பழைய கணக்கைப் பார்ப்போம். 1913ல் 22 வயது அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுக்கு உதவித்தொகை கொடுத்தார். அங்கே 1916 மே மாதம், ஒரு மானுடவியல் கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரை 'இந்தியாவில் சாதிகள்'. இந்தியச் சமூகத்தைப் பற்றிய ஆய்வு! இன்றைய விதிப்படி அந்தத் தலைப்பை விண்ணப்பத்தில் எழுதினால் நிராகரிப்புதான். அவர் பெயரைச் சொல்லி மாலை போடுறதுக்கு மட்டும் விதி எதுவும் குறுக்கே வராது.

இதில் இன்னொண்ணையும் கவனிங்க. சொந்தக் காசில் ஆக்ஸ்ஃபோர்டு போகிற பையன் சாதியைப் பற்றி எழுதலாம், கோயிலைப் பற்றி எழுதலாம், யாரும் கேட்க மாட்டாங்க. சேரியிலிருந்து போற பிள்ளை தன் ஊரைப் பற்றி ஆய்வு செய்யக் கூடாதாம். அப்புறம் நம்மைப் பற்றிய புத்தகத்தை யார் எழுதுவா?

அடுத்தது பணம். 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் கொடுத்தார்கள். மற்ற 66 பேருக்கு, நிதி இருந்தால் தருவோம்னு பதில். பிறகு கடிதம் வந்தால்கூட தாமதம்ங்கறது இங்கே சின்ன விஷயமில்லை. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும். யார் பணம் கட்டுவார் என்று காட்டினால்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் விசாவுக்கான ஐ-20 படிவத்தையே தரும். சொந்தப் பணம் என்றால் பிரிட்டன் விசாவுக்கு 28 நாள் தொடர்ந்து வங்கியில் இருந்ததைக் காட்டணும். ஒரு மாதம் போனால் ஒரு வருஷம் போச்சு.

வங்கிக் கடன் வாங்கிக்கலாமேன்னு கேட்பாங்க. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்பார்கள். நிலமற்றவர்களுக்கான திட்டத்தில் தேர்வான பிள்ளை எந்த நிலப் பத்திரத்தைக் கொண்டு போய் வைக்கும்? அம்பேத்கருக்கே உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாச்சு. மறுபடி போக 1920 ஆனது. நூறு வருஷம் கழிச்சும் அதே கதை நடக்கலாமா?

நம் கோரிக்கை நேரடியானது. அந்தப் பாடத் தடையை நீக்கு. தேர்வானவர் எல்லாருக்கும் வகுப்பு தொடங்கும் முன் நிதியைக் கொடு. 125ஐ உயர்த்து.

இறுதியாண்டு படிக்கிற தம்பி, தங்கைகளே, இதுக்காகக் காத்திருக்காதீங்க, இப்பவே வேலையைத் தொடங்குங்க. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், மதிப்பெண் 60 சதவீதம் வேணும். க்யூஎஸ் தரவரிசையில் முதல் 500க்குள் உள்ள பல்கலைக்கழகத்தில் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கணும். மொத்த இடத்தில் 30 சதவீதம் பெண்களுக்கு. பாஸ்போர்ட், சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றையும் முதலில் எடுத்து வையுங்க. தாலுகா ஆபீஸ் அலைச்சல் தெரிஞ்சதுதானே. தமிழ்நாட்டு ஆதிதிராவிடர் நலத்துறையிலும் தனியாக ஒரு வெளிநாட்டுப் படிப்பு உதவித்தொகை இருக்கு, அதையும் பாருங்க. ஏஜென்ட்டுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் விசாரிச்சிடுங்க.